பந்தியாய் ஸ்ரேயில் காரைக்கால் அம்மையார்: கம்போடியா போகும் அடியார்களுக்கு

கம்போடியாவில் ஒரு கோயில் வாசலுக்கு மேலே, ஆடும் சிவபெருமானின் காலடியில், காரைக்கால் அம்மையார் உட்கார்ந்திருக்கிறார். கோயிலின் பெயர் பந்தியாய் ஸ்ரே. கி.பி. 967-இல் பிரதிஷ்டை ஆன சிவன் கோயில் அது; தஞ்சைப் பெரிய கோயிலைவிட நாற்பது வருஷத்துக்கு மேல் மூத்தது. எங்களுக்குச் சொந்த ஊர் காரைக்கால். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் சுவாமி வீதியுலா வரும்போது மாடியிலிருந்து மாம்பழம் வீசுகிற தெருவில் வளர்ந்தவள் என் அம்மா. இப்படி ஒரு சிற்பம் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, "அவளை அங்கே போய்ப் பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எழுபதைத் தாண்டியவர், முழங்கால் வலி வேறு. அவரையும் அழைத்துக்கொண்டு போய் வந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பந்தியாய் ஸ்ரேயும் சேர்ந்த பழைய கோயில் வட்டாரம்தான் அங்கோர். அங்கே போகிறவர்களுக்குப் பயண நிறுவனங்கள் போட்டுத் தரும் திட்டம் பெரும்பாலும் படம் எடுக்க ஏற்றதாகவே இருக்கும். சூரிய உதயம், மரவேர் கவ்விய கோயில், இரவுச் சந்தை, அவ்வளவுதான். சாமி கும்பிடப் போகிறவர் கொஞ்சம் வேறு மாதிரி திட்டமிட வேண்டும்.

சென்னையிலிருந்து பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று ஏதாவது ஓர் ஊரில் விமானம் மாறி, அங்கோருக்குப் பக்கத்து நகரமான சியெம் ரீப் போகலாம். 2023-இல் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து வெகுதூரம். காரில் ஒரு மணி நேரம் ஆகும். தங்கும் விடுதியிடம் முன்கூட்டியே வண்டி சொல்லி வைப்பது நல்லது. தாய்லாந்து வரை போய், அங்கிருந்து தரைவழியாக எல்லை தாண்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2025-இல் இரு நாட்டுக்கும் மோதல் வந்து எல்லை வாயில்கள் மூடப்பட்டன. அதே காரணத்தால், எல்லை மலையுச்சியில் சிகரேசுவரராகச் சிவபெருமான் எழுந்தருளியிருந்த பிரியா விகார் கோயிலையும் இப்போதைக்கு மனதால் மட்டும் தரிசியுங்கள். எனக்கும் அது பெரிய ஏக்கம்தான். ஆனாலும் வயதானவர்களை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகக் கூடாது.

சுற்றுலா விசா 30 டாலர். இணையத்திலேயே எடுத்துவிடலாம், ஆனால் கம்போடிய அரசின் தளத்தில் மட்டும் எடுங்கள். அதே போலத் தோற்றம் காட்டி இரட்டிப்பாக வாங்கும் தளங்கள் நிறைய. கிளம்புவதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் இ-அரைவல் என்ற படிவத்தையும் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பணத்தை அமெரிக்க டாலராகவே கொண்டு போகலாம், கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். கம்போடியப் பணம் ரியல்; ஒரு டாலருக்குச் சுமார் 4,000 ரியல், சில்லறை ரியலில் வரும். ஓரம் கிழிந்த, பேனா கிறுக்கிய டாலர் தாளை யாரும் தொடமாட்டார்கள். அதனால் புதுத் தாள்களாக, 1, 5, 10 டாலர்களாகக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

அங்கோர் நுழைவுச் சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாட்களுக்குள் விருப்பப்பட்ட மூன்று நாட்களில் பயன்படுத்தலாம். பெரியவர்களோடு போனால் இதைத்தான் வாங்க வேண்டும். நடுவில் ஒரு நாள் ஓய்வு எடுத்தாலும் சீட்டு வீணாகாது.

முதல் நாள் அங்கோர் வாட். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டியது. விடியற்காலை ஐந்து மணிக்கே கூட்டம் குளக்கரையை நோக்கி ஓடும். அந்த ஓட்டத்தில் எல்லோரும் தாண்டிப் போவது பெருமாளைத்தான். மேற்கு வாயில் கோபுரத்தில், நுழையும்போது வலப்புறத்தில், எட்டுக் கைகளோடு மூன்று மீட்டருக்கும் உயரமான ஒரு திருமேனி நிற்கிறது. உள்ளூர்க்காரர்கள் 'தா ரீச்' என்று அழைத்து இன்றும் கும்பிடுகிறார்கள். பட்டுத் துணி போர்த்தி, தாமரை மொட்டும் ஊதுபத்தியும் வைக்கிறார்கள். புத்த சமயத்தைச் சேர்ந்த கெமர் (கம்போடிய) குடும்பங்கள்தான், ஆனால் கைகூப்பும் விதமும் முணுமுணுக்கும் வேண்டுதலும் நம் ஊர்க் கோயிலேதான். உதயம் பார்த்த கூட்டம் காலை உணவுக்குக் கலைந்த பிறகு, எட்டு மணி வாக்கில் போனோம். அம்மா அங்கே உட்கார்ந்து விஷ்ணு சகஸ்ரநாமம் முழுவதும் சொன்னார். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு கெமர் பாட்டி தன் ஊதுபத்திகளில் மூன்றை எடுத்து அம்மா கையில் கொடுத்தார்.

உள்ளே போனதும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கோயில் மேற்குப் பார்த்தது, சுவர்ச் சிற்பங்களின் வரிசையும் இடமாகச் சுற்றும்படிதான் அமைந்திருக்கிறது. மன்னனின் நீத்தார் கடனோடு தொடர்புள்ள கோயில் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இவையும் காரணம். நாமோ வலம் வந்தே பழகியவர்கள். வெளியே ஒரு முறை வலம் வந்து கும்பிட்டுவிட்டு, பிறகு சிற்பங்களுக்காக இடமாகச் சுற்றினோம். மனசுக்கு அதுவே நிறைவாக இருந்தது. மேற்குச் சுவரின் தென்பாதியில் குருக்ஷேத்திரம். அம்புப் படுக்கையில் பீஷ்மரைக் காணலாம். தெற்குச் சுவரில் சொர்க்கமும் நரகங்களும். கிழக்குச் சுவரின் தென்பாதியில் பாற்கடல் கடைதல்: 92 அசுரர்களும் 88 தேவர்களும் வாசுகியைப் பிடித்து இழுக்க, நடுவே ஆமையின் மேல் மத்து, அதன் முன்னால் திருமால். கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம். காலை வெயில் அந்தப் பக்கம் விழும்போதே போய்விடுங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும்.

மேலே ஏறும் நடுக் கோபுரத்துக்கு பாகான் என்று பெயர். படி மிகவும் செங்குத்து. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம், துண்டைப் போர்த்திக்கொண்டால் போதாது. புத்த விரத நாட்களில் மேலே விடுவதில்லை. அம்மா கீழேயே இருந்துவிட்டார். முழங்கால் வலி இருப்பவர்கள் இதற்காக வருந்த வேண்டாம், கீழேயே ஒரு நாள் போதாத அளவுக்கு இருக்கிறது.

இனி பந்தியாய் ஸ்ரே. சியெம் ரீப்பிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். டுக்டுக்கிலும் போகலாம், பெரியவர்களோடு என்றால் கார்தான் சரி. காலையில் கோயில் திறக்கும் நேரத்துக்கே போய்ச் சேருங்கள். ஒன்பது மணிக்கு மேல் பேருந்துகள் வந்துவிடும், கோயிலோ மிகச் சிறியது. இளஞ்சிவப்பு மணற்கல், அதில் மரத்தில் இழைத்தது போல நுணுக்கமான வேலை. கட்டியவர் மன்னர் இல்லை. யக்ஞவராகர் என்ற அரச குரு. சுவாமிக்குத் திரிபுவனமகேசுவரர் என்று திருநாமம்.

உள் பிராகாரத்தின் கிழக்கு வாயிலுக்கு மேலே நிமிர்ந்து பார்க்க வேண்டும். நடுவில் ஆடவல்லான். கீழே ஓரத்தில், எலும்பும் தோலுமாக, தொங்கிய மார்போடு ஒரு பெண். காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டுவது இந்த உருவத்தைத்தான். சிற்பம் சின்னது, உயரத்தில் இருக்கிறது. சாதாரணமாகப் பார்த்தால் கண்ணில் படாமலே போய்விடும். கையடக்கமான ஒரு தொலைநோக்கி கொண்டு போங்கள், இந்தப் பயணத்துக்கு நான் எடுத்துப் போனவற்றில் அதைவிடப் பயன்பட்டது எதுவும் இல்லை. வழிகாட்டிகளில் சிலர் அவரைப் பற்றிச் சொல்வதே கிடையாது, நாமாகக் கேட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

அம்மா வெகுநேரம் தொலைநோக்கியை இறக்கவில்லை. "புனிதவதி கேட்டது கிடைச்சிடுச்சு பாரு தம்பி. காலடியில இருக்கணும்னுதானே கேட்டா" என்றார். புனிதவதி என்பது அம்மையாரின் இயற்பெயர். அழகை உதறிப் பேயுருவம் வேண்டி வாங்கி, கயிலையில் காலால் மிதிக்கக் கூசித் தலையால் நடந்து, இறைவன் வாயால் 'அம்மையே' என்று அழைக்கப்பட்டவர். திருவாலங்காட்டில் என்றும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வரம் பெற்றவர். அவருடைய கதை கடல் தாண்டி எந்த வழியில் இங்கே வந்தது, யார் சொல்லிச் சிற்பி கேட்டான் என்பதையெல்லாம் யோசித்தால் உடம்பு சிலிர்க்கிறது. நம்முடைய அடியார் ஒருவரை இந்த மண்ணும் தன்னவராக ஏற்றுக்கொண்டு, கல்லில் வைத்து, ஆயிரம் வருஷமாகக் காத்திருக்கிறது. இந்த ஒரு சிற்பத்துக்காகவே விமானச் செலவு தகும் என்று நான் மனதாரச் சொல்வேன்.

தெற்கு நூலகக் கட்டடத்தின் கிழக்கு முகப்பில் கயிலையை அசைக்கும் இராவணன். பயந்த உமை பெருமானை ஒட்டிக்கொள்கிறாள். ஞானசம்பந்தர் பதிகங்களின் எட்டாம் பாட்டில் வழக்கமாக வரும் அதே நிகழ்ச்சி. தெரிந்த பதிகம் ஒன்றை அங்கே மெதுவாகச் சொல்லுங்கள். பூஜை இல்லை, தீபாராதனை இல்லை, குருக்கள் இல்லை. நடுச் சன்னதிகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பதால் கிட்டே போகவும் முடியாது. நாம் சொல்லும் பாட்டுதான் அங்கே நடக்கும் வழிபாடு. கற்பூரம் ஏற்றுவது, விபூதி பூசுவது, சிற்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எல்லாம் வேண்டாம். அந்தக் கல் மிகவும் மென்மையானது.

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் கபால் ஸ்பியன். ஆற்றுப் படுகையிலேயே நூற்றுக்கணக்கான லிங்கங்களைச் செதுக்கியிருக்கிறார்கள், பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளும் உண்டு. தண்ணீர் அவர்கள் மேல் ஓடித்தான் சமவெளிக்கு இறங்குகிறது. வருஷம் முழுவதும் நடக்கும் அபிஷேகம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் ஒன்றரை கிலோமீட்டர் காட்டுப்பாதையில் ஏற வேண்டும், முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது. அவர்களுக்குக் குலென் மலை இருக்கிறது. கார் மேலேயே போகும். 802-இல் இரண்டாம் ஜெயவர்மன் தன்னைச் சக்கரவர்த்தியாக அறிவித்துக்கொண்ட மலை. அங்கேயும் ஆற்றுக்குள் சகஸ்ரலிங்கம் உண்டு. நுழைவுக்குத் தனியாக 20 டாலர், அங்கோர் சீட்டு செல்லாது. மலைச்சாலை குறுகல், காலையில் ஏறும் வண்டிக்கு மட்டும், நண்பகலுக்கு மேல் இறங்கும் வண்டிக்கு மட்டும் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதனால் சீக்கிரம் கிளம்ப வேண்டும். பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள், போர்க்காலக் கண்ணிவெடி ஆபத்து இந்நாட்டில் இன்னும் முழுதாகத் தீரவில்லை. நவம்பர், டிசம்பர்தான் நல்ல காலம்: வெயில் தணிந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும், லிங்கங்களும் தெரியும். ஏப்ரலில் போனால் வெயில் தாங்காது.

சாப்பாடு பற்றிச் சொல்லியாக வேண்டும். சைவம் என்று சொன்னால் இறைச்சியை மட்டும் நீக்கிவிட்டு மீன் சாறு ஊற்றிக் கொண்டு வருவார்கள், அது அவர்கள் குற்றமில்லை, அங்கே உப்பு மாதிரி அது. மீன் சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். அல்லது கெமர் மொழியில் எழுதிய தாளைக் காட்டுங்கள், விடுதியில் எழுதித் தருவார்கள். சியெம் ரீப்பில் இந்திய உணவகங்கள் உண்டு. கோயில் பக்கம் இளநீரும் வாழைப்பழமும் போதும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோனால் பெரியவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். அப்புறம், பிக்குகள் எதிர்ப்பட்டால் பெண்கள் அவர்களைத் தொடக் கூடாது, கையில் நேராக எதையும் கொடுக்கவும் கூடாது. குழந்தைகளின் தலையைத் தடவுவதும் அங்கே மரியாதை இல்லை.

ஒரு பின்னேரத்தை ரொலுவோஸுக்கு ஒதுக்குங்கள். ஊரிலிருந்து அரை மணி நேரம்தான், அங்கோர் சீட்டே போதும், கூட்டமும் குறைவு. 9-ஆம் நூற்றாண்டில் முதலாம் இந்திரவர்மன் கட்டிய இரண்டு கோயில்கள் அங்கே இருக்கின்றன. பிரியா கோ என்ற கோயிலில் மூன்று நந்திகள் சன்னதியைப் பார்த்துப் படுத்திருக்கும். பக்கத்திலேயே இருக்கும் பாகோங் கோயிலில் படிகள் அகலம், மெதுவாக ஏறலாம். மாலை ஐந்தரை மணி வாக்கில் மூடிவிடுவார்கள், மூன்றரைக்கெல்லாம் ஊரிலிருந்து கிளம்பிவிடுங்கள்.