சாரத்தோடு அலாஸ்காவில் இறங்கிய கதை

கப்பல் என்றால் எனக்கென்ன புதுசா என்ற நினைப்போடுதான் ஏறினேன். திருகோணமலையில் பிறந்து, உட்துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்பதையும் போவதையும் பார்த்தே வளர்ந்தவன். ஆனால் திரும்பி வந்து மாதக்கணக்காகியும் நான் கதைத்துக்கொண்டிருப்பது கப்பலைப் பற்றி இல்லை, ஒரு பழைய பச்சை பஸ்ஸைப் பற்றி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2024 ஜூன். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா, அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எங்காவது பெரிதாகப் போக வேண்டும் என்று நின்றா, என்னையும் இழுத்துக்கொண்டா. அலாஸ்காவுக்கு ஏழு இரவு கப்பலில், பிறகு கரையில் இறங்கி ஐந்து நாள் ரயிலிலும் பஸ்ஸிலும் காடு, மலை என்று வழிகாட்டியோடு சுற்றுவது. குரூஸ்டூர் என்று சொல்கிறார்கள். நாங்கள் ஏறியது அமெரிக்காவில் இல்லை, கனடாவின் வன்கூவரில். வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுப் போக முடியாது என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் இருக்கிறதாம், இந்தப் பெரிய உல்லாசக் கப்பல்களில் அநேகமானவை பஹாமாஸ், பெர்முடா என்று எங்கோ ஒரு கொடியோடுதான் ஓடுகின்றன. அக்காவுக்கு இதெல்லாம் பிரச்சினையே இல்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டோடு போகிற எனக்குத்தான் இரண்டு நாட்டு விசா, இரண்டு தரம் கைவிரல் அடையாளம், இரண்டு தரம் வங்கிக் கணக்கு விவரம். யாராவது போகிற எண்ணம் இருந்தால் முதலில் விசா, பிறகுதான் டிக்கெட்.

முதல் நாட்கள் சொகுசு. இரண்டு பக்கமும் தீவுகள் மறைத்திருப்பதால் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். முதல் துறைமுகம் கெச்சிகனில் மழை, வேறொன்றும் ஞாபகமில்லை. ஜூனோ அலாஸ்கா மாநிலத்தின் தலைநகரம், ஆனால் வெளியிலிருந்து அதற்குப் போக ரோட்டே கிடையாது, கப்பல் இல்லாவிட்டால் விமானம். ஸ்காக்வேயில் மலையேறும் சின்ன ரயில். 1898இல் தங்கம் தேடி ஓடியவர்களுக்காகப் போடத் தொடங்கிய பாதை, தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றடிதான் அகலம். ஜன்னலால் எட்டிப் பார்த்தால் கீழே ஒன்றுமே இல்லை, அத்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

கிளேசியர் பே என்ற பனியாற்று விரிகுடா மட்டும் வேறு விஷயம். அங்கே ஒரு நாளைக்கு இரண்டு உல்லாசக் கப்பலுக்கு மேல் விடுவதில்லை. காலையில் சின்னப் படகொன்றில் பூங்காக் காவலர்கள் வந்து ஏணியால் ஏறி, நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்கிறார்கள். 1794இல் வன்கூவர் என்ற கப்பல் தலைவனின் ஆட்கள் வந்தபோது இந்த விரிகுடா முழுவதும் பனிக்கட்டி அடைத்திருந்ததாம். அதற்கு அடுத்த வருடம்தான் நம்முடைய திருகோணமலைக் கோட்டையை ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். கோட்டை அப்படியே இருக்கிறது, இங்கே பனி நூறு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. மார்ஜரி என்ற பனியாற்றின் முன்னால் கப்பலை நிறுத்தி மெல்ல மெல்லத் திருப்பினார்கள், அதனால் எந்தப் பக்கத்தில் அறை எடுத்தாலும் ஒன்றுதான், பால்கனிக்கு அதிகம் கொடுக்காதீர்கள். பனி வெள்ளையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், நீலம். இறுகி இறுகிக் காற்றுக் குமிழெல்லாம் வெளியேறிய பனி சிவப்பு ஒளியை விழுங்கி நீலத்தைத்தான் வெளியே விடும் என்று காவலர் சொன்னார்.

எல்லோரும் வாய் மூடி நிற்கும்போது வீடளவு துண்டொன்று சத்தமே இல்லாமல் சரிந்து விழுந்தது. இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் சத்தம் வந்தது, ஷெல் விழுந்தது போல. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தா. கனடா போய் முப்பது வருடம். பக்கத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள், நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சிரித்தோம்.

அன்றிரவு தீவுகளின் மறைப்புப் போய்த் திறந்த கடல். திருமலைக்காரனுக்கா கடல் நோய் என்று வீரம் பேசியவன்தான் முதலில் சத்தி எடுத்தேன். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பச்சை அப்பிள் கடித்துக்கொண்டிருந்தா.

இனி சாரம், கைலி என்றும் சொல்வார்களே, அதுதான். கடைசி இரவு சூட்கேஸை அறை வாசலில் வைத்துவிட வேண்டும், இரவோடிரவாக எடுத்துப் போய்க் கரையில் தருவார்கள். நான் ஒழுங்கான பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் மடித்து அடுக்கி வைத்துவிட்டுச் சாரத்தோடு படுத்தேன். விடிய எழும்பினால் உடுக்க ஒரு காற்சட்டை இல்லை. அத்தானின் காற்சட்டை எனக்கு முழங்காலைத் தாண்டவில்லை. சாரம், ஸ்வெட்டர், சப்பாத்து, இந்த அலங்காரத்தில்தான் கப்பல் முடிகிற விட்டியரில் இறங்கினேன், குளிர் கீழிருந்து மேலாக ஏறியது. ஒரு அமெரிக்கப் பாட்டி உங்கள் பாரம்பரிய உடை வடிவாயிருக்கு என்று படம் எடுத்தா. நான் மறுக்கவில்லை.

விட்டியரில் ஊர்ச்சனம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே பதினாலு மாடிக் கட்டடத்தில் குடியிருக்கிறது. வெளியே வர நாலு கிலோமீட்டர்ச் சுரங்கம், ஒரே பாதை, அதிலேயே ரயிலும் ஓடும் வாகனமும் ஓடும், முறை வைத்து விடுகிறார்கள். அப்புறம் ஆங்கரேஜ், அங்கிருந்து டெனாலிக்குக் கண்ணாடிக் கூரை ரயிலில் கிட்டத்தட்ட எட்டு மணித்தியாலம், நம்ம கொழும்பு இரவு ரயில் அளவு, ஆனால் கடலை வடை விற்க யாரும் வரவில்லை. வழிகாட்டிப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதிருக்கும், எங்கள் கூட்டத்தை எண்ணி எண்ணியே களைத்துப்போனாள். கப்பலில் மூன்று நேரமும் சாப்பாடு டிக்கெட்டோடு சேர்த்தி, கரையில் எங்கள் பயணத்துக்குப் பெரும்பாலும் கைக்காசு. ஒரு பர்கரின் விலையை ரூபாவுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு அன்று பகல் அக்காவின் பிஸ்கட்டோடு முடித்துக்கொண்டேன்.

சரி, பச்சை பஸ். டெனாலி பூங்காவுக்குள் ஒரே ஒரு ரோட்டுத்தான், 148 கிலோமீட்டர் நீளம். சொந்த வாகனம் முதல் இருபத்துநாலு கிலோமீட்டர் வரைதான் போகலாம், அதற்கு மேல் பூங்காவின் பஸ், பள்ளிக்கூட பஸ் மாதிரி, கடின இருக்கை. அதுவும் நாங்கள் போனபோது பாதி வழிதான்: நிலத்தடியில் உறைந்து கிடந்தது உருகி மலைச்சரிவே வழுகுவதால் 2021இலிருந்து 69ஆவது கிலோமீட்டரோடு மறித்திருந்தார்கள். சாரதி ஒரு வயதான அம்மா. எதைக் கண்டாலும் ஸ்டொப் என்று கத்துங்கள், ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாதீர்கள், நின்றதும் மூச்சுக் காட்டாதீர்கள், அவ்வளவுதான் சட்டம். முதலில் ஒரு மூஸ், நம்ம மரையை ஊதிப் பெருப்பித்து நீளக் கால் பூட்டியது போல. கோட்டை வாசலில் மான் வந்து கையை நக்கி பிஸ்கட் கேட்கிற ஊரிலிருந்து போனவனுக்கு, கரடிக்கு 300 யார் தள்ளி நில் என்ற சட்டம் விசித்திரமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு தாய்க் கரடியும் இரண்டு குட்டிகளும் ரோட்டோரம் வந்து புல் மேய்ந்தன. கரடி புல் தின்னும் என்று எனக்குத் தெரியாது. நாற்பது பேர் இருந்த பஸ்ஸில் அது புல்லைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்துக்காகத்தான் சொல்கிறேன்: தரைப் பயணத்தை முதலில் வையுங்கள், கப்பலைப் பிறகு. நாங்கள் தலைகீழாகச் செய்தோம். கப்பலில் ஒரு வாரம் தின்று படுத்துச் சோம்பல் பிடித்த உடம்போடு, தினமும் விடிய ஐந்து மணிக்கு எழும்பி, பெட்டி கட்டி, ஹோட்டல் மாறி... அத்தான் கரடி வந்த நேரம் நல்ல நித்திரை. அலாஸ்காவில் ஏற்றி வன்கூவருக்கு இறங்குமுகமாகப் போகும் கப்பல்களும் இருக்கின்றன, காட்டில் அலைந்து களைத்த பிறகு கப்பலில் கிடந்து எழும்பலாம்.

இரவு பதினொரு மணிக்கு விடுதி வாசலில் வெயிலில் உட்கார்ந்திருக்கும்போது அம்மா வட்சப்பில் வந்தா. ஊரில் மறுநாள் பகல் பன்னிரண்டரை, சோறு இறக்கிக்கொண்டிருந்தா. பொழுதே படாவிட்டால் அந்தச் சனம் எப்படி விளக்கு வைக்கும் என்பது அவவின் கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

டெனாலி மலையை நாங்கள் பார்க்கவே இல்லை. 6190 மீட்டர், இலங்கையின் உயரமான மலை பிதுருதலாகலையைப் போல இரண்டரை மடங்கு, ஆனால் தனக்கென்று மேகத்தை வைத்துக்கொண்டு மறைந்து நிற்கும், வருகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் காட்சி கொடுக்கும் என்கிறார்கள். 2015இல் டெனாலி என்று அரசு ஏற்ற பெயரை 2025இல் மறுபடி மக்கின்லி என்று மாற்றியும் விட்டார்கள், பெயருக்கு இழுபறிப்படுவது திருமலைக்காரருக்குப் புதிதா என்ன. மூன்று நாளும் அந்தத் திசையில் சாம்பல் நிறம் மட்டும்தான். ரயில் நிலையத்தில் ஒரு தபாலட்டை வாங்கினேன், நீல வானத்தில் மலை முழுசாக நிற்கிறது.

அது இப்போது அம்மாவின் சாமித்தட்டில் கோணேசர் படத்துக்குப் பக்கத்தில். வருகிறவர்களுக்கெல்லாம் மகன் எடுத்த படம் என்று காட்டுகிறா. நான் இதையும் மறுக்கவில்லை.