செயற்கூறின் வாலில் ஒரு சதுர அடைப்புக்குறி

வலைத்தளங்களை எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியில், ஒரு செயற்கூறு (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல்துண்டு) அணியை, அதாவது வரிசையாக அடுக்கிய மதிப்புகளை, திருப்பித் தந்தால், அழைப்பை ஒட்டியே [0] என்று எழுதி அதன் முதல் மதிப்பை எடுத்துவிடலாம். 2012 மார்ச் 1 அன்று வெளியான 5.4 பதிப்புக்கு முன்னர் அதற்கு வழியில்லை. ஆப்ஜெக்ட் (தரவும் அதற்குரிய செயற்கூறுகளும் சேர்ந்த ஒரு பொருள்) திரும்பி வந்தால் அதன்மீதே அடுத்த மெத்தடை, அதாவது அதற்குரிய செயற்கூறை, அழைக்க 5.0 பதிப்பிலிருந்தே இடமிருக்க, அணிக்கு மட்டும் அதை மறுத்தது எனக்கு ஓரவஞ்சனையாகவே பட்டது.

5.4 இருந்த என் கணினியில் ஒழுங்காக ஓடிய தளமொன்றை 5.3 இருந்த சர்வரில் ஏற்றியபோது வெறும் வெள்ளைத் திரைதான் வந்தது. பிழைப்பதிவில், எதிர்பாராத இடத்தில் '[' வந்திருப்பதாக ஒரே வரி. தொடரியல் பிழை என்பதால், அந்த வரியை எட்டும் முன்பே, கோப்பைப் படிக்கும்போதே எல்லாம் நின்றுவிட்டிருந்தது.

அக்காலத்தில் விடையைப் பிடித்துவைக்க இடையில் ஒரு மாறியை வைத்துச் சமாளித்தோம். சிலர் கோப்பு எந்த வகை என்றறிய, பெயரைப் புள்ளியில் உடைக்கும் எக்ஸ்ப்ளோடின் விடையை அப்படியே எண்ட் செயற்கூறுக்குள் கொடுத்தார்கள். விடை சரியாகத்தான் வந்தது. ஆனால் எண்ட், அணியின் உள்சுட்டியைக் கடைசி உறுப்புக்கு நகர்த்துவதால், மாறியைத்தான் கேட்கும் என்பதால், கூடவே ஓர் எச்சரிக்கையும் வந்தது.

புதிய வசதி வந்ததும் கண்ட இடமெல்லாம் [0] போட்டேன். படத்தின் அகலத்தை அறிய கெட்இமேஜ்சைஸுக்குப் பின்னாலும் போட்டேன். யாரோ பிடிஎஃப் கோப்பொன்றுக்கு .ஜேபிஜி என்று பெயர் மாற்றி ஏற்றிய நாளில் பக்கத்தில் அகலம் வெறுமையாக இருந்தது, பிழைப்பதிவிலோ ஒன்றுமில்லை. படமல்லாத கோப்புக்கு அச்செயற்கூறு அணியைத் தராமல் 'இல்லை' என்று பொருள்படும் ஃபால்ஸைத் (false) தரும். ஃபால்ஸின்மேல் [0] போட்டால் 7.4 பதிப்புக்கு முன்பு வரை பிஎச்பி வாய் திறக்காமல் வெறுமையைக் குறிக்கும் null மதிப்பைக் கொடுத்துவிடும். 7.4 அறிவிப்பும் 8.0 எச்சரிக்கையும் தரத் தொடங்கியபோது என் பழைய தளங்களின் பதிவுகள் நிரம்பி வழிந்தன.

இப்போது அந்த இடத்தில் பழைய மாறியே திரும்ப வந்திருக்கிறது. ஃபால்ஸா என்று பார்த்த பிறகே உறுப்பைத் தொடுகிறேன். எக்ஸ்ப்ளோடை ஒட்டி மட்டும் இன்றும் கூசாமல் [0] போடுகிறேன், ஏனெனில் புள்ளியே இல்லாத பெயரைக் கொடுத்தாலும் முழுப் பெயரையும் ஒரே உறுப்பாகக் கொண்ட அணி எப்படியும் வந்துவிடும். இரண்டாம் உறுப்பைக் கேட்கும் [1] என்று எழுத மட்டும் கை தயங்குகிறது.