காமெட் லாரியின் ஆயில் மீட்டர்

"மெயின் பேரிங் போச்சுங்கறாங்க மேஸ்திரி. என்ஜினை இறக்கணுமாம்."

ஸ்டீயரிங்கை விடாமலே சொன்னார் அந்த அண்ணன். சொந்த வண்டி, ஓட்டுவதும் அவரே. நாமக்கல்லில் இப்படி ஒற்றை லாரியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் நிறையப் பேர். பழைய லேலண்ட் காமெட். என்ஜின் ஆயிலின் பிரஷரைக் காட்டும் மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு மேலே ஒரு நூல் தள்ளி நின்றது. பேரிங் தேய்ந்தால் பிரஷர் இறங்கும், என்ஜினும் தட்டும். காது கொடுத்துக் கேட்டேன். தட்டல் சத்தம் துளியும் இல்லை.

"ஆஃப் பண்ணுங்கண்ணா" என்றேன். என்ஜின் நின்றது. முள் நின்ற இடத்திலேயே நின்றது.

அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. என்ஜின் நின்றால் பிரஷர் இல்லை, முள் பூஜ்யத்தில் படுத்துவிட வேண்டும். படுக்கவில்லை என்றால் அந்த முள் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு வண்டிக்கு மீட்டரை மட்டும் பார்த்துவிட்டு, என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றியிருக்கிறேன். பேரிங் எல்லாம் நல்லபடியாக இருந்தது. நான்கு நாள் லோடு போனது அந்த மனிதருக்கு. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதனாலேயே இன்றுவரை மறக்கவில்லை. அதிலிருந்து டெஸ்ட் மீட்டர் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன், வேறு எந்த வண்டியிலும் அதைப் பூட்ட மாட்டேன்.

அதை என்ஜின் பிளாக்கில் மாட்டி ஓடவிட்டோம். ஆயில் குளிர்ந்திருக்கும்போது பிரஷர் சதுர சென்டிமீட்டருக்கு நாலரை கிலோ. நன்றாகச் சூடேறியபின் ஐடிலில் ஒன்றரை, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் நாலு. வயதான என்ஜினுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அண்ணன் அப்போதுதான் கீழே இறங்கினார்.

பழைய மீட்டரைப் பிரித்து அவரிடம் காட்டினேன். உள்ளே வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று இருக்கும், அரை வட்டத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக. தட்டையான குழாய். ஆயில் உள்ளே அழுத்தும்போது அது நிமிரப் பார்க்கும். அந்த மயிரிழை அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். 1849இல் பிரான்சில் யூஜின் போர்டோன் காப்புரிமை பெற்ற அமைப்பு, இன்றும் அதே வேலையைச் செய்கிறது. இந்த மீட்டரில் குழாய்க்கு ஒன்றுமில்லை. வருஷக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து பல் தேய்ந்து ஓரிடத்தில் சிக்கிக்கொண்டிருந்தது.

"ஒயர் மீட்டரா மாத்திடலாமா மேஸ்திரி?" என்றார். கரண்டில் வேலை செய்யும் மீட்டரைச் சொன்னார். வேண்டாம் என்றேன். பழைய வண்டியில் எர்த் சரியாகக் கிடைக்காது, பிறகு முள் ஆடினால் ஆயிலா ஒயரா என்று தேட வேண்டும். இந்தக் குழாய் மீட்டரில் என்ஜின் ஆயிலே நேராக மீட்டர் வரைக்கும் வருகிறது. ஆனால் அதே காரணத்தால் குழாய் வேலையில் கை சுத்தம் வேண்டும். கேபினுக்குள் குழாய் விட்டுப்போனால் கொதிக்கிற ஆயில் டிரைவர் காலில்தான் கொட்டும்.

புது மீட்டரோடு வந்த, குழாயை பிளாக்கோடு இணைக்கும் அடாப்டரை மாட்டப் போன பட்டறைத் தம்பி, கையால் இரண்டு சுற்று போனதும் இறுகுகிறது என்று ஸ்பேனரை எடுத்தான். கையைப் பிடித்துவிட்டேன். அரைக்கால் இஞ்ச் அளவு ஒன்றுதான், மரை வேறு. பிளாக்கில் இருப்பது அங்குலத்துக்கு 28 மரை, அடாப்டரில் 27. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு மரை வித்தியாசத்தை பலத்தால் ஜெயித்தால் பிளாக்கின் மரை போய்விடும். லேத் பட்டறையில் கொடுத்து பித்தளையில் சரியான அடாப்டர் கடைந்து வாங்க அரை நாள் ஆனது. டெஃப்லான் டேப்பை முதல் இரண்டு மரையை விட்டுத்தான் சுற்றினேன், துணுக்கு பிய்ந்து ஆயில் பாதைக்குள் போய்விடக் கூடாதே.

செம்புக் குழாயையும் புதிதாகவே போட்டோம். பழையது அதிர்ந்து அதிர்ந்து விறைத்துப் போயிருக்கும், வளைத்தால் முறியும். என்ஜின் பக்கம் இரண்டு சுருள் சுற்றி விட்டேன், ஆட்டத்தை அந்தச் சுருள் வாங்கிக்கொள்ளும். கேபின் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம். மீட்டரின் பின்பக்க நட்டை இறுக்கும்போது ஒரு ஸ்பேனரால் மீட்டரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்பச் சொன்னேன். இல்லையென்றால் உள்ளே அந்தக் குழாயே முறுக்கிக்கொள்ளும். தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினான்.

ஸ்டார்ட் செய்ததும் முள் மெல்ல ஏறியது. நட்டுகளைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பார்த்தேன், கறை இல்லை. அணைத்ததும் முள் பூஜ்யத்தில் வந்து படுத்தது. அண்ணன் இன்னொரு தடவை ஸ்டார்ட் பண்ணி அணைத்துப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை.

ராத்திரி பத்து மணி வாக்கில் போன் வந்தது. சேலம் தாண்டி தொப்பூர் ஏற்றம் முடிந்து ஓரம் கட்டியிருந்தார்.

"லோடோட ஏறினேன் மேஸ்திரி. முள் நாலை விட்டு இறங்கலைங்க."


"அணைச்சுப் பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேனுங்க. படுத்துக்கிச்சு."