நாலாவது படம்

எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரியில் படித்தவர்களுக்கு இங்கிலிஷ் படம் என்றால் அது நாலாவது படம்தான். ஒரு இரவுக்கு வீடியோ டெக்கும் ரிவியும் வாடகைக்கு எடுத்தால் நாலு கசெற் கொண்டுவருவோம். முதல் மூன்றும் தமிழ்ப் படம். அம்மாமாரும் ஆச்சிமாரும் பார்த்துவிட்டுப் பாயில் சரிந்த பிறகு, சாமம் கழிந்து பொடியளுக்கென்று ஒரு இங்கிலிஷ் படம் ஓடும். ஊரடங்கு நேரம் என்பதால் பார்க்க வந்த எவரும் இடையில் எழும்பி வீட்டுக்குப் போக முடியாது. விடியுமட்டும் இருந்தே ஆக வேண்டும். நாலாவது படம் என்ற வழக்கமே அதனால்தான் நிலைத்தது என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு மூத்த அண்ணாமாருக்கு ரீகல் இருந்தது. கோட்டைப் பக்கம் இருந்த அந்தத் தியேட்டரில் பெரிய திரையில் இங்கிலிஷ் படம் பார்த்தவர்கள் அவர்கள். நாங்கள் மேல்வகுப்புக்கு வந்த நேரம் கோட்டையைச் சுற்றிய பகுதியில் சனநடமாட்டமே இல்லை. எங்களுக்குக் கிடைத்தது கொப்பிக்குக் கொப்பி எடுத்த கசெற். நிறம் கலைந்திருக்கும், சத்தம் இரையும். அதற்குமேல் முற்றத்தில் ஜெனரேற்றர் போடும் சத்தம். இங்கிலிஷ் நன்றாகத் தெரிந்தவனுக்கே அதில் பாதி கேட்காது. எங்களுக்கோ இங்கிலிஷ் பாடப்புத்தகத்தோடு சரி.

அந்தக் குறையைத் தீர்த்தவன் எங்கள் வகுப்பில் ஒருவன். தகப்பன் சாம்பியாவில் படிப்பித்தவர். சின்ன வகுப்புகளை அங்கே இங்கிலிஷில் படித்துவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தவன் அவன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறான். எங்கள் பிரிவில் இருந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ரிவிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்திருந்து, படம் ஓட ஓடக் கதை சொல்லுவான். அந்தக் குரலுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

'பிரிடேற்றர்', 'றோபோகொப்' இரண்டும் 1987 படங்கள். இரண்டுக்கும் அவனுக்கு அதிகம் வேலை இருக்கவில்லை, சண்டையே கதையைச் சொல்லிவிடும். 'பிளட்ஸ்போர்ட்' பார்த்த அடுத்த நாள் மைதானத்தில் எல்லோருடைய காலும் தலைக்குமேல் போனது. 'றெயின் மான்' ஓடிய இரவு முக்கால்வாசிப் பேர் நித்திரை. டஸ்ரின் ஹொஃப்மன் ஒஸ்கார் வாங்கிய நடிப்பை விழித்திருந்த இரண்டு மூன்று பேருக்காக அவன் கடைசிவரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுடைய உச்சம் 'டை ஹார்ட்'. 1988இல் வந்த படம். அதுவரை நாங்கள் பார்த்த வீரர்கள் ஸ்ரலோனும் ஸ்வார்செனேகரும். குண்டு பட்டாலும் அசையாத உடம்புகள். இதில் வருகிற புரூஸ் வில்லிஸ் அப்போது அமெரிக்காவில் ரிவி நடிகராகத்தான் பெயர் பெற்றிருந்தார். செருப்பில்லாமல் கண்ணாடித் துண்டுகளில் நடந்து கால் கிழிந்து இரத்தம் வழிய, பயப்படுகிறார், தனக்குத்தானே புலம்புகிறார். வில்லனாக வந்த அலன் ரிக்மனுக்கு அதுதான் முதல் படம் என்பதை இன்றைக்கும் நம்ப முடியவில்லை. கோட் சூட்டோடு நின்று, குரல் உயர்த்தாமலே எங்களை நடுங்க வைத்தவர். கதை நடக்கும் அந்த உயர்ந்த கட்டடம், லொஸ் ஏஞ்சலிசில் படக் கம்பனியின் பெயரிலேயே புதிதாக எழும்பிய அலுவலகக் கட்டடம்.

படத்தில் மேலே கட்டடத்தில் மாட்டிக்கொண்டவனும் கீழே தெருவில் நிற்கும் பொலிஸ்காரனும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. வோக்கி ரோக்கியில் குரலைக் கேட்டே கூட்டாளிகள் ஆகிறார்கள். அந்த இடம் வந்ததும் எங்கள் ஆள் இரண்டு குரலில் பேசத் தொடங்கினான். "மச்சான், சாப்பிட்டியா?" "எங்கை சாப்பிடுறது, காலெல்லாம் ரத்தமடா." "பயப்பிடாதை, நான் கீழை நிக்கிறன்." கடைசியில் இருவரும் நேரே சந்தித்து அடையாளம் கண்டு கட்டிப்பிடிக்கும்போது கூடத்தில் விழித்திருந்த அத்தனை பேரும் கைதட்டினோம்.

லண்டனுக்கு வந்து பல வருடம் கழித்து அதே படத்தை எழுத்து வரிகளோடு பார்த்தேன். அவன் சொன்னதில் பெரும்பாலானது படத்தில் இல்லை. ஆனால் அந்த இரண்டு பேருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை அவன் ஒரு இடத்தில்கூடப் பிழையாகச் சொல்லவில்லை. படத்தை எழுதியவர்கள் கேட்டாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

அவன் கதை சொல்லாமல் விட்ட படம் ஒன்று இருக்கிறது. 'பிளற்றூன்'. 1986இல் ஒலிவர் ஸ்ரோன் எடுத்தது. வியட்நாமில் தானே சிப்பாயாக நின்றவர் அவர். சிறந்த படம் உட்பட நாலு ஒஸ்கார் அதற்குக் கிடைத்தது. எங்களிடம் அந்தக் கசெற் வந்தது 1989இல், இந்திய இராணுவம் எங்கள் ஒழுங்கைகளில் ரோந்து போன காலம். சண்டைப் படம் என்று நினைத்துப் போட்டோம். சிப்பாய்கள் ஒரு கிராமத்துக்குள் நுழைந்து வீடு வீடாகச் சோதிக்கிற காட்சி வந்தது. நிலத்தடிக் குழிக்குள் இருந்தவர்களை வெளியே இழுக்கிறார்கள், தாய்மார் கையெடுத்துக் கும்பிட்டு அழுகிறார்கள். எங்கள் ஆள் வாய் திறக்கவில்லை. பாயில் படுத்திருந்த ஆச்சி ஒருவர் எழும்பி உட்கார்ந்து, "இது எந்த ஊர் மோனை?" என்று கேட்டார். வியட்நாம் என்றோம். முடியுமட்டும் அவர் திரும்பப் படுக்கவில்லை. அதற்கு முந்திய மாதம் 'ராம்போ' மூன்றாம் பாகத்துக்கு விசிலடித்தவர்கள்தான் நாங்கள். பிறகு அந்த வகைப் படத்தை யாரும் கேட்டு எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு படம் பார்க்கிறவனை இந்தளவுக்கு மாற்றும் என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

1990 ஜூனில் திரும்பச் சண்டை தொடங்கியது. கரண்ட் போனது, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்கிற காலம் வந்தது. நாலாவது படமும் அதோடு நின்றது. எங்கள் வகுப்பும் திசைக்கொன்றாகப் போனது.

நான் லண்டனில் வந்து சேர்ந்தது ஈஸ்ற் ஹாம். பக்கத்தில் பெக்டன். அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த பெரிய எரிவாயுத் தொழிற்சாலையை உடைத்து, ஸ்பெயினிலிருந்து பனைகளைக் கொண்டுவந்து நட்டு, அதை வியட்நாமின் ஹுவே நகரம் ஆக்கித்தான் ஸ்ரான்லி குப்ரிக் 1987இல் வெளிவந்த 'ஃபுல் மெற்றல் ஜக்கற்' படத்தை எடுத்தார். இங்கே வசிக்கும் எங்கள் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. தெரிந்த நாளில் கனடாவில் இருக்கும் அவனுக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். நாங்கள் ஊரில் பார்க்காமல் விட்ட படம் அது. போனிலேயே கதை முழுக்கச் சொன்னான்.

அன்றைக்கு அவனிடம் கேட்டேன், உனக்கு உண்மையில் அந்த நேரம் எவ்வளவு விளங்கியது என்று. "பாதிதான்ரா. மிச்சத்தை அவங்கடை முகத்தைப் பார்த்துச் சொன்னனான்" என்றான்.

இந்த டிசம்பர் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு அவன் லண்டன் வருகிறான். 'டை ஹார்ட்' நத்தார் இரவில் நடக்கிற கதை, நாளும் பொருத்தம். இராப்போசனத்துக்குப் பிறகு மண்டபத்தில் அதைப் போடுவதற்குச் செயற்குழு சம்மதித்திருக்கிறது. எழுத்து வரி வேண்டாம், சத்தத்தைக் குறைத்து வைப்போம், அவனுக்கு ஒரு மைக் கொடுப்போம். தமிழ் விளங்குகிற பிள்ளைகளையும் விளங்காத பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.