வெளிவராத நூலுக்கு ஒரு விளம்பரம்

பழைய அமெரிக்கச் செய்தித்தாள்களின் ஸ்கேன் படங்களுக்குப் பெயர், ஆண்டு, பொருள் குறித்து அட்டவணை போடுவது என் வேலை. 18ஆம் நூற்றாண்டு அச்சில் சொல்லின் நடுவே வரும் ‘எஸ்’ எழுத்து நெட்டையாக, ‘எஃப்’ போலவே நிற்கும். கணினி தப்பாகப் படிப்பதை நாங்கள் திருத்துவோம். கவிதை வந்தால் தனிப் பதிவு. விளம்பரம் வந்தால் ‘விளம்பரம்’ என்ற ஒரே சொல்லோடு தள்ளிவிடுவது எங்கள் பிரிவின் வழக்கம்.

அந்த வழக்கம் எனக்கு ஒப்பவில்லை. காரணம் ஃபிலிஸ் வீட்லி.

1761இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டனுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்ட சிறுமி அவர். 1767இலேயே ‘நியூபோர்ட் மெர்குரி’யில் அவருடைய கவிதை வந்துவிட்டது. அன்று கவிதை நூல் என்றால் பெரும்பாலும் முதலில் விளம்பரம் கொடுத்து, வாங்குவோர் பெயரைத் திரட்டிய பிறகுதான் அச்சு. 1772இல் அவருடைய முதல் நூலுக்குப் பாஸ்டனில் போதிய ஆள் சேரவில்லை. மறு ஆண்டு லண்டனில் நூல் வெளிவந்தது. அதன் முன்பக்கங்களில், ‘இவற்றை எழுதியவர் இவரே என்று நம்புகிறோம்’ என 18 பாஸ்டன் பிரமுகர்கள் கையொப்பமிட்ட சான்று இருக்கிறது. ஆளுநர் பெயரும் உண்டு. அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். வேறு எந்தக் கவிஞரிடம் இப்படிச் சான்று கேட்டார்கள்?

1779 அக்டோபரில் பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் இரண்டாம் நூலுக்கான விளம்பரம் வந்தது. 33 கவிதைகள், 13 கடிதங்கள், சுமார் 300 பக்கம், பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்குச் சமர்ப்பணம். பைண்டு செய்த பிரதி 12 பவுண்டு, நீலத்தாளில் தைத்தது 9 பவுண்டு. பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். அமெரிக்க விடுதலைப் போர்க்காலம், காகிதப் பணம் மதிப்பிழந்து கிடந்தது. நூல் வரவேயில்லை. 1784இல் அவர் இறந்தார். கையெழுத்துப் பிரதியும் தொலைந்தது. அந்த விளம்பரத்தில் தலைப்பு மட்டும் மிஞ்சிய கவிதைகள் உண்டு.

அதில் அச்சாகியிருக்கும் பெயர் ஃபிலிஸ் பீட்டர்ஸ். மணமான பின் வந்த பெயர். வீட்லி என்று தேடுகிறவர் கண்ணில் இந்த விளம்பரம் படவே படாது.

“ஒரு விளம்பரத்துக்கு இவ்வளவு நேரமா மேடம்?” என்று பக்கத்து மேசைத் தம்பி கேட்டார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். வரிசையாகத் தலைப்புகள். அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன். இரண்டு பெயர்களையும் இணைத்தேன். நாளை ஏதோ ஒரு வீட்டுப் பழைய காகிதங்களுக்கிடையே பெயரில்லாத கவிதை ஒன்று அகப்பட்டால், தலைப்பை வைத்துத் தேடுகிறவருக்கு இந்தப் பதிவு கிடைக்கும்.