கோள்களின் விதியில் பக்கத்து நட்சத்திரத்துக்கும் பங்கு உண்டு

கோள்கள் உருவாகும் விதத்தைக் காட்டும் படங்களில் நடுவே ஓர் இளம் நட்சத்திரம் இருக்கும், அதைச் சுற்றி வாயுவும் தூசியுமாக ஒரு வட்டு, அதற்கு வெளியே வெறும் கருப்பு. அந்தக் கருப்புதான் எனக்கு உறுத்தல். நட்சத்திரங்கள் பெரும்பாலும் கூட்டமாகத்தான் பிறக்கின்றன. அந்தக் கூட்டத்தில் ஒரு ராட்சத நட்சத்திரம் இருந்தாலே மற்ற வட்டுகளின் கதை மாறிவிடும்.

நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகமான ஓரியன் நெபுலாவையே எடுத்துக்கொள்வோம். திருவாதிரை இருக்கும் அதே ஓரியன்தான். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குச் சற்றுத் தெற்கே புகைபோல மங்கலாகத் தெரியும், சுமார் 1,300 ஒளியாண்டு தூரம். அதன் நடுவில் இருக்கும் தீட்டா 1 ஓரியானிஸ் சி, சூரியனைப்போல் 30 மடங்குக்கும் மேல் நிறை கொண்டது, அது கொட்டும் ஆற்றலில் பெரும்பகுதி புற ஊதாக் கதிர். 1990களின் தொடக்கத்தில் ஹபிள் தொலைநோக்கி அதன் அக்கம்பக்கத்தைப் படமெடுத்தபோது, தலைப்பிரட்டை வடிவில் ஒளிரும் பொருள்கள் கிடைத்தன: தலை அந்த ராட்சதனைப் பார்த்தபடி, வால் எதிர்த்திசையில். ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் இளம் நட்சத்திரமும் அதன் வட்டும். வானியலாளர் ராபர்ட் ஓடெல் இவற்றுக்கு வைத்த பெயர் புரோபிளிட்.

நடப்பது இதுதான். புற ஊதாக் கதிர் வட்டின் மேற்பரப்பு வாயுவைச் சூடாக்குகிறது. சொந்த நட்சத்திரத்துக்கு அருகே ஈர்ப்பு வலுவாக இருப்பதால் வாயு தப்ப முடியாது, ஆனால் வெளிவிளிம்பில் பிடி தளர்வு, அங்கே சூடான வாயு அப்படியே கிளம்பிப் போய்விடும், கூடவே நுண்ணிய தூசியும். வட்டு வெளியிலிருந்து உள்நோக்கித் தேய்கிறது. பிரகாசமான புரோபிளிட்களில் ஆண்டுக்குச் சூரிய நிறையில் ஒரு கோடியில் ஒரு பங்கு போகிறது. கேட்கச் சின்னதாக இருக்கலாம், ஆனால் பத்தாயிரம் ஆண்டில் ஒரு வியாழனுக்குத் தேவையான சரக்கு காலி!

என்னை மிகவும் கவர்ந்தது டி203-506 என்ற வட்டு. அதே நெபுலாவில், சூரியனைவிட மிகச் சிறிய ஒரு நட்சத்திரத்தைச் சுற்றி, ஒளிரும் பின்னணியில் கருநிழலாகத் தெரிகிறது. நட்சத்திரம் சின்னது, அதனால் பிடியும் பலவீனம். பத்து லட்சம் ஆண்டுக்குள் அதன் வாயு முழுக்கப் போய்விடலாம் என்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் தரவுகளை வைத்து 2024ல் கணித்தார்கள். அப்புறம் வியாழன் மாதிரி ஒரு வாயுக்கோள் அங்கே எப்படி உருவாகும்? ஆனால் அதே வட்டில்தான் மெத்தில் அயனியை 2023ல் கண்டுபிடித்தார்கள், சிக்கலான கார்பன் மூலக்கூறுகளுக்கு வழிவிடுவது அது. அது உருவாக ஆற்றல் கொடுப்பதும் இந்தக் கதிர்தான் என்கிறார்கள்.

சரி, பாறைக் கோள்கள்? நட்சத்திரங்கள் பிறக்கும் என்ஜிசி 6357 என்ற இன்னொரு பகுதியில் ராட்சதர்கள் இன்னும் அதிகம். அங்கே எக்ஸ்யூஇ 1 என்ற வட்டின் உட்பகுதியில் நீர், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு எல்லாம் இருப்பதை ஜேம்ஸ் வெப் காட்டியது. பூமி மாதிரிக் கோள்கள் பிறக்கும் அந்த உள்வட்டம், இவ்வளவு கதிருக்கு நடுவிலும் தாக்குப்பிடிக்கிறது.