ஞாயித்துக்கிழமை பாத்த வீடு

எங்க குடும்பத்துல யாரும் எடம் மாறணும்னு தானா முடிவு பண்ணி மாறுனதே இல்ல. பூட்டன் காலத்துல கங்காணி, தோட்டத்துக்கு ஆள் சேக்கறவன், மலாயாவுக்குக் கூட்டிட்டு வந்தான், கப்பல்ல ஏறுனாங்க. அம்மா சின்னப் பிள்ளையா இருக்கறப்ப ஒரு தோட்டத்த வித்துட்டாங்க, வேற தோட்டத்துக்குப் போனாங்க. அப்புறம் நான் படிவம் மூணு படிக்கறப்ப பால்மரத்த, அதான் ரப்பர் மரத்த எல்லாம் சாச்சுட்டு செம்பனை போட்டாங்க, ஆளு கொறைச்சாங்க, தோட்டத்து வரிசை வீடான லயத்த காலி பண்ணச் சொல்லி கடுதாசி வந்துச்சு, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமான்ல (குடியிருப்புல) மலிவு வீடு ஒண்ணு கெடச்சு அதுக்கு வந்தோம். மூணு தடவையும் போன்னு சொன்னாங்க, போனோம், அவ்ளோதான். எங்க போறது, எந்தத் தெரு, வீடு கெழக்கப் பாக்குதா மேக்கப் பாக்குதா, இதெல்லாம் யாரும் எங்கள கேட்டதே இல்ல.

இப்ப எனக்கு ஷா ஆலாம்ல ஒரு கம்பெனில இருந்து வேலை லெட்டர் வந்திருக்கு. போகலாம், போகாமலும் இருக்கலாம். இந்த "இருக்கலாம்"தான் என்னைய மூணு மாசமா தூங்க விடல. சத்தியமா சொல்றேன், ஒருத்தன் வந்து காலி பண்ணுன்னு சொல்லிட்டான்னா ஈசியா இருக்கும் போல.

சுங்கை சிப்புட்ட பத்தி தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. மலேசியாவுல ஈப்போவுக்கும் கோல கங்சாருக்கும் நடுவுல பழைய பெரிய ரோட்டுல இருக்கற சின்ன டவுன். வெளியூர்க்காரங்க கிட்ட பேரு சொன்னா ரெண்டே விஷயந்தான் ஞாபகம் வரும். ஒண்ணு, 1948 ஜூன் 16ல இங்க தோட்டங்கள்ல கம்யூனிஸ்ட்டுங்க மூணு வெள்ளைக்காரத் தொரைங்கள சுட்டாங்க, அதுலதான் அவசரகாலம் ஆரம்பிச்சுது. இன்னொண்ணு துன் சம்பந்தன், ம.இ.கா. தலைவராவும் மந்திரியாவும் இருந்தவரு. அவரு பொறந்த ஊரு இது. வெள்ளைக்காரன் தோட்டத்த எல்லாம் துண்டு துண்டா வித்துட்டுப் போறப்ப தொழிலாளிங்க தெருவுக்கு வந்துடக் கூடாதுன்னு 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு. எங்க தாத்தா பத்துப் பத்து வெள்ளியா (ரிங்கிட்ட நாங்க அப்படித்தான் சொல்லுவோம்) கட்டி பங்கு வாங்கினாரு. அந்தப் பங்குப் பத்திரத்த அம்மா இன்னும் பேங்க் புக்கு, பொறப்புப் பத்திரம் எல்லாத்தோடயும் ஒரு மைலோ டின்ல போட்டு வெச்சிருக்காங்க. தோட்டத்து ஆளுக்கு சொந்தமா மண்ணுன்னா என்னன்னு தாத்தாவுக்கு அந்த டின்ல இருக்கற காயிதம் அளவுக்குத்தான் தெரியும்.

சரி, கணக்குக்கு வரேன். நான் ஈப்போல ஒரு எடத்துல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், 2,700 வெள்ளி. ஷா ஆலாம்ல 3,900. ஆஹா 1,200 கூடன்னு முதல் நாள் ராத்திரி சந்தோஷத்துல மீ கோரெங் வாங்கி சாப்ட்டோம். மறுநாள் வாடகை தேடிப் பாத்தா நாங்க நெனச்ச மாதிரி பழைய ஒரு மாடி தெரஸ் வீடு எல்லாமே 1,200 பக்கத்துலயே நிக்குது. அதாவது கூடற சம்பளம் அப்படியே வீட்டுக்காரன் பாக்கெட்டுக்குப் போகுது, இங்க நாங்க இருக்கற வீட்டுக்கு வாடகை கெடையாது, அது மட்டுமில்லாம உள்ள நுழையறதுக்கே ரெண்டு மாச டெபாசிட், அரை மாசம் தண்ணி கரண்டுக்கு, முதல் மாச வாடகை, ஆக 2,400, 600, 1,200, மொத்தம் 4,200 வெள்ளி கையில வேணும், அதுக்கு மேல அக்ரிமெண்ட்டுக்கு ஸ்டாம்ப் காசு, லோரிக் காசு, கேஸ் சிலிண்டர். எக்ஸெல்ல போட்டுப் பாத்தா போகாதன்னுதான் சொல்லுது.

ஆனா எக்ஸெல்லுல போட முடியாதது ஒண்ணு இருக்கு. ஈப்போ ஆபீஸ்ல எனக்கு மேல இருக்கறது ஒரே ஒரு நாற்காலி, அதுல உக்காந்திருக்கறது முதலாளியோட மச்சான். எனக்கு முப்பத்தஞ்சு வயசாச்சு. என் வீட்டுக்காரரு கார் பட்டறைல வேலை செய்யறாரு, அவருக்கு எங்க போனாலும் பட்டறை இருக்கும், "ஒனக்கு எப்படித் தோணுதோ"ன்னு சொல்லிட்டு கால நீட்டிட்டு படுத்துட்டாரு. நல்ல மனுஷன்தான், ஆனா அந்த வார்த்தைக்கு நான் அவர அடிச்சிருக்கணும்.

எந்த ஏரியாங்கறதுலதான் உண்மையான கூத்து. முதல்ல எல்லாரும் சொன்னது, ரயில் பக்கத்துல பாரு. கேஎல் பக்கம் ரயில், பஸ்ஸு ஓட்டற ரேப்பிட்ல மை50ன்னு ஒரு பாஸ் இருக்கு, அம்பது வெள்ளிக்கு முப்பது நாளு எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், பஸ்ஸு எல்லாம் இஷ்டத்துக்கு ஏறலாம். கேக்க நல்லா இருக்கு. ஆனா நான் போக வேண்டிய பக்கம் கேடிஎம் கொம்யூட்டர் லைன், அதுல இந்தப் பாஸு செல்லாது. இது தெரியாம காஜாங் பக்கம் எம்ஆர்டிக்கு நடந்து போற தூரத்துல ரெண்டு வாரம் வீடு தேடுனேன், ஆபீஸ் இருக்கறது நாட்டோட இன்னொரு மூலைல! ரவாங் சொன்னாங்க, வாடகை கொறைவு, ஆனா தெனம் அவ்ளோ தூரம் நம்மளால முடியாது. செந்தூல் ஆசையா இருந்துச்சு, பிளாட்டுதான் கட்டுப்படியாகும், அம்மா லிஃப்ட்டுல ஏற மாட்டாங்க. கடைசில கிள்ளான்ல வந்து நின்னேன். கொம்யூட்டர்ல கிள்ளான், புக்கிட் பாடாக், பாடாங் ஜாவா, அடுத்தது ஷா ஆலாம். மோட்டர்சைக்கிள்ல போனாலும் ஃபெடரல் ஹைவேல தனி மோட்டர் பாதை இருக்கு, அந்த ரோட்டுல டோலும் 2018 ஜனவரில எடுத்துட்டாங்க. மகளுக்குத் தமிழ்ப்பள்ளி, நாட்டுலயே பெரிய தமிழ்ப்பள்ளிங்கள்ல ஒண்ணான சிம்பாங் லிமா அங்கதான் இருக்கு. ஜாலான் தெங்கு கிளானால இறங்கி நடந்தா மல்லிப்பூ, முறுக்கு, பட்டுப்பொடவை. எங்க ஊரு கடைத்தெருவ யாரோ பத்து மடங்கு ஊதி வெச்ச மாதிரி.

ஏரியா முடிவாச்சுன்னா வீடு முடிவாச்சுன்னு நெனச்சேன் பாருங்க, அங்கதான் எனக்கு புத்தி வந்துச்சு. வெளம்பரத்துல நம்பர் பாத்து பதினோரு பேருக்கு கூப்ட்டேன். நாலு பேரு, வணக்கம் கூட சொல்லி முடிக்கல, கேட்ட முதல் கேள்வி "ரேஸ் என்ன?" இந்தியன்னு சொன்னதும் ஒருத்தி "சோரி யா, ஓனர் வேண்டாம்னுட்டாரு"ன்னு மெதுவா சொன்னா, ரெண்டு பேரு டக்குனு வெச்சுட்டாங்க, இன்னொருத்தன் வீடு காலைலதான் போச்சுன்னான், ஆனா மூணு வாரம் கழிச்சும் அந்த வெளம்பரம் அப்படியே இருக்கு. இதெல்லாம் கேள்விப்பட்டதுதான், இருந்தாலும் நம்ம காதுல விழறப்ப வேற மாதிரி இருக்கு. அதவிட சுருக்குனு இருந்தது அஞ்சாவது ஆளு. நம்ம ஆளு, தமிழ்லயே பேசுனாரு, "எந்த ஊரு நீங்க"ன்னாரு, சொன்னேன், "ஓ, தோட்டத்துப் பக்கமா... வீட்டுக்காரரு தண்ணி போடுவாரா?"ன்னு கேட்டாரு. நான் போன வெச்சுட்டு கொஞ்ச நேரம் கக்கூஸ்ல போய் நின்னுட்டு வந்தேன். மகள் முன்னாடி அழக் கூடாதுல்ல.

நான் ஏரியாவத் தேர்ந்தெடுக்கறேன்னு நெனச்சிட்டு இருந்தேன். ஏரியாவும் ஒரு பக்கம் என்னைய சலிச்சுட்டு இருந்திருக்கு.

மிஞ்சுனதுல ரெண்டு வீடு. முதல் வீடு தாமான் ஸ்ரீ மூடால, 900 வெள்ளிதான். புதுசா பெயிண்ட், புது டைல்ஸ், கிச்சன் கேபினெட் மினுமினுன்னு. எனக்கு அங்கயே காசக் கொடுத்துடலாம்னு இருந்துச்சு. அம்மாவ கூட்டிட்டுப் போயிருந்தேன், சும்மா வாங்கன்னு. அவங்க டைல்ஸப் பாக்கவே இல்ல. கேட்டு கிட்டயே நின்னுட்டாங்க. கேட்டோட கீலைத் தடவிப் பாத்தாங்க, இடுப்பு ஒசரம் வரைக்கும் துரு, அதுக்கு மேல நல்லா இருக்கு. உள்ள வந்து செவத்தப் பாத்து என் காதுல, "ஏன்டி, பிளக் பாயிண்ட் எல்லாம் நெஞ்சு ஒசரத்துல இருக்கு, முன்னாடி இருந்தவங்க அவ்ளோ நெட்டையா?"ன்னாங்க. எனக்கு அப்பதான் ஒறைச்சது. 2021 டிசம்பர்ல அந்தப் பெரிய வெள்ளம், 18ம் தேதி சனிக்கிழமை, டிவில கூரை மேல ஆளுங்க நின்னுட்டு இருந்தத நாங்க வீட்டுல உக்காந்து பாத்தோமே, அந்த தாமான்தான். ஏஜண்ட் சொன்னான், "அதெல்லாம் இப்ப பம்ப் போட்டு சரி பண்ணிட்டாங்க ஆண்ட்டி." அம்மா சிரிச்சாங்க. "நல்லது தம்பி. பம்புக்குக் கரண்டு இருக்கணுமே"ன்னாங்க.

அங்க இருக்கறவங்கள நான் கொறை சொல்லல, எங்க போவாங்க, கடன் கட்டி வாங்குன வீடு. ஆனா வாடகைக்குப் போற நமக்கு அந்த 300 வெள்ளி எதுக்குக் கொறையுதுன்னு தெரியணும்.

அப்புறம் ராத்திரி உக்காந்து வடிகால் நீர்ப்பாசன இலாகா (ஜேபிஎஸ்) நடத்தற பப்ளிக் இன்ஃபோ பாஞ்சிர்ங்கற வெள்ளத் தகவல் பேஜ்ல ஆத்துத் தண்ணி மட்டம், மழை அளவு எல்லாம் பாக்கக் கத்துக்கிட்டேன். கிள்ளான்ல ஒரு சங்கடம் என்னன்னா கடல் பக்கம், கடல்ல தண்ணி ஏறற நேரமும் மழையும் ஒண்ணா சேந்துச்சுன்னா காவாத் தண்ணி போறதுக்கு எடமில்லாம திரும்பி வரும். மேட்டுல இருக்கா பள்ளத்துல இருக்காங்கறது ஒரே தாமான்லயே ரெண்டு தெருவுக்கு வேற வேற. ஏரியா பேரு பாத்து வீடு புடிக்காதீங்க, தெருவப் பாருங்க.

ரெண்டாவது வீடு ஆண்டலாஸ் பக்கம். ஞாயித்துக்கிழமை காலைல பதினோரு மணிக்குப் போனேன். தெருவே அமைதி, ஒரு வீட்டுல சாம்பிராணி வாசம், பக்கத்து வீட்டு அத்தை வாசல்ல மொளகா காய வெச்சுட்டு "பசியாறிட்டியாம்மா"ன்னாங்க. உருகிட்டேன். ஆனா ஸ்ரீ மூடால வாங்குன அடி இருக்கே, புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுட்டு சாயங்காலம் ஆறரைக்கு சொல்லாம கொள்ளாம மறுபடி போனேன். அதே தெருவா இது? ரெண்டு பக்கமும் காரு, அதுக்குப் பக்கத்துல இன்னொரு காரு, மூலைல ரெண்டு லோரி, எவனோ டிரம் செட்டு வெச்சு அடிக்கறான், பசங்க சைலன்சர் இல்லாத மோட்டர்ல மேலயும் கீழயும். அத்தை வாசல்ல இல்ல, கதவச் சாத்திட்டு உள்ள இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை வீடு பாக்கறது பொண்ணு பாக்கப் போற மாதிரி, எல்லாம் தலை சீவி பவுடர் போட்டு உக்காந்திருக்கும்.

நான் தெருக்கோடில இருக்கற மாமாக் கடைல, அதான் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைல, ஒரு தே தாரிக் டீ குடிச்சுட்டு எட்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். ஏழே காலுக்கெல்லாம் லோரிக்காரங்க கெளம்பிட்டாங்க. டிரம் நின்னுச்சு. ஏழரைக்கு ஸ்கூல் டியூஷன் வேன் வந்துச்சு, ஒரு சின்னப் பய எறங்குனான், அவன் வீட்டுல வெளக்கு எரியல. அவன் தன் வீட்டு கேட்டை ஆட்டவே இல்ல, நேரா அந்த அத்தை வீட்டுக்குப் போய் செருப்பக் கழட்டிட்டு உள்ள போய்ட்டான். யாரும் வான்னு கூப்டல, அவனும் கேக்கல. இருபது நிமிஷம் கழிச்சு ஃபேக்டரி யூனிஃபார்ம்ல ஒரு அம்மா வந்து கூட்டிட்டுப் போனாங்க, கையில ஒரு டப்பாவோட.

எங்க தோட்டத்துல ஆயாக் கொட்டகை இருந்துச்சு. விடியக்காலைல பேர் கூப்பிடற பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி பிள்ளைங்கள தொட்டில்ல விட்டுட்டுப் போவாங்க. அம்மா என்னையும் அப்படித்தான் விட்டாங்களாம். நல்லதுன்னு சொல்ல மாட்டேன், அந்தக் கொட்டகைல சொறி, சளி எல்லாம் வாங்கி வந்த கதையும் இருக்கு. ஆனா எனக்கு ஆபீஸ் முடிஞ்சு வீடு வர ஆறரை ஏழு ஆகும், மகளுக்கு எட்டு வயசு. ஸ்கூல் விட்டப்புறம் பிள்ளைய பாத்துக்கற எடத்துக்குன்னு எக்ஸெல்ல நான் "டிரான்சிட் 350 வெள்ளி"ன்னு போட்டு வெச்சிருந்த வரி இதான்.

அம்மா எங்களோட வர மாட்டேன்னுட்டாங்க, அதையும் சொல்லணும். மலிவு வீடானாலும் சொந்த வீடு, பின்னாடி முருங்கை, வாழை, கோயில் வெள்ளிக்கிழமை பூஜை, சேந்து ரப்பர் பால் எடுத்த கூட்டாளிங்க. "நீ போ. எனக்குப் போகச் சொன்ன கடுதாசி எல்லாம் முடிஞ்சு போச்சு"ன்னாங்க. ஈப்போல இருந்து கேஎல் செண்ட்ரலுக்கு ஈடிஎஸ் ரயில்ல ரெண்டரை மணி நேரம், நான் மாசம் ரெண்டு தடவை வரேன்னு சொன்னேன். பாக்கலாம்னாங்க. அந்தப் "பாக்கலாம்"ல இருந்த நம்பிக்கை எனக்குத் தெரியும்.

ஆனா மூணாவது தடவை அந்த வீட்டப் பாக்க அவங்களும் வந்தாங்க. காலைல ஆறு மணி, முந்தின ராத்திரி நல்ல மழை. பின்சந்துக்குப் போய் காவா கிட்ட குந்துனாங்க, ஒரு காஞ்ச எலையக் கிள்ளிப் போட்டாங்க. எலை சுத்தல, நிக்கல, வலது பக்கமா போய் பெரிய காவால விழுந்துச்சு. கேட்டுக் கீலையும் தடவிப் பாத்தாங்க. பிளக் பாயிண்ட் முட்டிக்குக் கீழதான். அதுக்குள்ள அந்த அத்தை வெளிய வந்து வாசல் தெளிக்க ஆரம்பிச்சாங்க, ரெண்டு பேரும் எந்தத் தோட்டம், எந்தத் தோட்டம்னு ஆரம்பிச்சு பதினஞ்சு நிமிஷத்துல கேமரன் மலைல இருக்கற யாரோ ஒரு தங்கச்சி வரைக்கும் போய்ட்டாங்க. நான் வேலிப் பக்கம் நின்னு கொசுக்கடி வாங்குனேன்.

திரும்பி வரப்ப கார்ல அம்மா ஒண்ணும் பேசல. தஞ்சோங் மாலிம் தாண்டுனதும், "அந்த டிரம்முக்காரப் பய யாரு வீட்டுப் பிள்ளைன்னு அவகிட்ட கேட்டேன். அவ மவனாம்"ன்னாங்க.

போன வாரம் 4,200 வெள்ளியக் கட்டிட்டேன். லோரி சனிக்கிழமைக்கு சொல்லியிருக்கு.